நெட்வொர்க் டிரைவில் ஃபைல் அளவு பார்க்கும் ஸ்கிரிப்ட் ஏன் ஊர்கிறது?

தை பிறந்துவிட்டால் கும்பகோணத்து ஸ்டூடியோக்களில் யாருக்கும் தூக்கம் கிடையாது. மார்கழி முழுக்கச் சும்மா கிடந்த கேமராக்கள் ஒரே முகூர்த்த நாளில் மூன்று மண்டபங்களுக்குப் போகும். ராத்திரி பத்து மணிக்கு மெமரி கார்டுகள் வந்து சேரும். அவற்றை லேப்டாப்பில் இறக்கி, மாடியில் இருக்கும் நாஸ் பெட்டிக்கு ஏற்றி, எல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். (நாஸ் என்பது நெட்வொர்க்கில் மாட்டி வைத்த ஹார்ட் டிஸ்க் பெட்டி. கம்ப்யூட்டரில் அது இசட் டிரைவ் என்று தெரியும்.)

அந்தக் கடைசி வேலைக்காக ஒரு ஸ்டூடியோவுக்குச் சின்னப் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். லேப்டாப்பில் உள்ள ஒவ்வொரு ஃபைலின் அளவையும் நாஸில் உள்ள அதே ஃபைலின் அளவோடு ஒப்பிடும், அவ்வளவுதான். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர்களை வைத்துச் சோதித்தபோது எண்டர் தட்டிய கையை எடுப்பதற்குள் முடிந்தது. ஸ்டூடியோவில் பத்து நிமிடம் எடுத்தது. மயிலாடுதுறையில் இருக்கும் அவர்களுடைய கிளையிலிருந்து விபிஎன் (தொலைவிலிருந்து இணையம் வழியே ஸ்டூடியோ நெட்வொர்க்கில் சேரும் இணைப்பு) வழியாக ஓட்டிய தம்பி போன் செய்தான்: "அண்ணே, ஓட்டி விட்டுட்டு சாப்பிட்டு வந்துட்டேன். இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. தொங்கிடுச்சா?"

தொங்கவில்லை. ஸ்கிரிப்ட் சரியாகத்தான் வேலை செய்தது, வேலையை நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஸ்கிரிப்ட் எழுதப் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இதே பள்ளத்தில் விழுவதால், அதிலிருந்து ஏறி வந்த வழியை வரிசையாக எழுதி வைக்கிறேன். பைத்தானை வைத்துச் சொல்கிறேன். பவர்ஷெல், ஆட்டோஹாட்கீ, எக்செல் மேக்ரோ எழுதுபவர்களுக்கும் நடுவில் பங்கு உண்டு.

முதலில் அளந்து பாருங்கள்

ஸ்கிரிப்ட் மெதுவாக ஓடுகிறது என்றதும் எல்லோரும் செய்வது புது ரவுட்டர் வாங்குவது, அல்லது இணையத் திட்டத்தைப் பெரிதாக்குவது. கொஞ்சம் பொறுங்கள். மூன்று சோதனைகள் போதும், காசு செலவில்லை.

ஒன்று, பிங். கமாண்ட் திரையைத் திறந்து பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு, நாஸின் ஐபி முகவரியைக் கொடுங்கள். ஒரு செய்தி போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும். கேபிளில் இணைத்திருந்தால் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். வைஃபையில் மூன்று, ஐந்து, சமயத்தில் இருபது என்று குதிக்கும். விபிஎன்னில் அதற்கும் மேல். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதுதான் நமக்குத் தேவை.

இரண்டு, நாஸில் உள்ள ஒரு ஃபோல்டரை அப்படியே உங்கள் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்து, அதே ஸ்கிரிப்டை அதன் மேல் ஓட்டுங்கள். அங்கேயும் மெதுவாக இருந்தால் கோளாறு நெட்வொர்க்கில் இல்லை, வேறு இடத்தில் தேடுங்கள்.

மூன்று, ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரித்து நேரம் பாருங்கள். பைத்தானின் டைம் மாட்யூலில் பெர்ஃப் கவுன்டர் என்று ஒரு கடிகாரம் இருக்கிறது. ஃபைல் பெயர்களை மட்டும் பட்டியல் எடுக்க எவ்வளவு நேரம், அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் அளவையும் கேட்க எவ்வளவு நேரம் என்று தனித்தனியே அச்சிடுங்கள். பட்டியல் ஒரு நொடியில் வந்து, அளவுக்கு மட்டும் பல நிமிடம் ஆனால் நீங்கள் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய ஆள். பட்டியலே வரத் தாமதமானால் 'பட்டியலே மெதுவாக வந்தால்' என்ற பகுதிக்குத் தாவலாம்.

அளக்கும்போது ஓர் ஏமாற்று வேலை நடக்கும். முதல் முறை மெதுவாக ஓடியது, உடனே மறுபடி ஓட்டினால் வேகமாக ஓடும். நீங்கள் எதையும் சரிசெய்துவிடவில்லை. ஃபோல்டர் விவரத்தையும் ஃபைல் விவரத்தையும் விண்டோஸ் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும், பொதுவாக 10 விநாடி. நாஸும் தன் பங்குக்கு எதையாவது நினைவில் வைத்திருக்கும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள், முடிந்தால் வேறு ஃபோல்டரில் ஓட்டுங்கள். நான் இதைக் கவனிக்காமல் ஒரு சாயங்காலம் முழுக்க 'வேகப்படுத்திக்' கொண்டிருந்தேன்.

தண்ணீர் எப்போது வந்து சேரும்

இப்போது காரணத்துக்கு வருவோம். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 அன்று அணையைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும், கடைமடைக்கு இன்னும் பல நாள். விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்பது ஒரு கணக்கு. திறந்த தண்ணீர் உங்கள் மடைக்கு எப்போது வரும் என்பது இன்னொரு கணக்கு. இணையக் கம்பெனிக்காரர் "நூறு எம்பி, இருநூறு எம்பி" என்று விற்பது கன அடிக் கணக்கு. பிங் காட்டுவது வந்து சேரும் கணக்கு.

பெரிய வீடியோவைக் காப்பி செய்யும்போது கன அடிதான் முக்கியம். ஃபைலின் அளவைக் கேட்பதோ சின்னச் சமாசாரம். கேள்வியும் பதிலும் சேர்ந்து சில நூறு பைட்டுதான். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்பியாக வேண்டும், அது திரும்பும் வரை ஸ்கிரிப்ட் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கால்வாயை எவ்வளவு அகலப்படுத்தினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

விண்டோஸ் பகிர்வுகள் எஸ்எம்பி என்ற முறையில் பேசுகின்றன. ஒரு ஃபைலின் அளவை மட்டும் கேட்டால் அங்கே நடப்பது சுமாராக இது: ஃபைலைத் திற, விவரம் சொல், மூடு. மூன்று செய்திகள். சில சமயம் இவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே தடவையில் அனுப்பும், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு கல்யாணச் சீசனில் நாஸில் 40,000 ஃபைல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபைலுக்கு மூன்று பயணம், மொத்தம் 1,20,000. பிங் அரை மில்லி விநாடியாக இருந்தால் 60 விநாடி. வைஃபையில் 5 மில்லி விநாடி என்றால் 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். விபிஎன்னில் 40 மில்லி விநாடி என்றால் 4,800 விநாடி, ஒரு மணி இருபது நிமிடம். தம்பி சாப்பிட்டு, தாம்பூலம் போட்டு, ஒரு தூக்கமும் போட்டிருக்கலாம். மூன்று இடத்திலும் ஒரே ஸ்கிரிப்ட், ஒரே நாஸ். மாறியது பிங் மட்டும்.

உங்கள் ஸ்கிரிப்டில் பயணங்களை எண்ணுங்கள்

நான் எழுதியிருந்த ஸ்கிரிப்டின் நடுப்பகுதி இப்படி இருந்தது. முதலில் எக்ஸிஸ்ட்ஸ் என்ற கட்டளை: ஃபைல் இருக்கிறதா? அடுத்தது இஸ்ஃபைல்: அது ஃபைல்தானா, ஃபோல்டரா? அப்புறம் கெட்சைஸ்: அளவு என்ன? படிக்க அழகாக, பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி இருக்கும். ஆனால் மூன்றும் உள்ளே ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. ஒரே வீட்டுக் கதவை மூன்று தடவை தட்டி, ஐயா இருக்கிறாரா, அவர்தானா, சௌக்கியமா என்று தனித்தனியே கேட்பது போல. நினைவில் வைத்திருக்கும் விவரம் கைகொடுத்தால் தப்பித்தீர்கள், இல்லாவிட்டால் மேலே போட்ட கணக்கு அப்படியே பெருகும்.

உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து, சுற்றுக்குள் (லூப்) இருக்கும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு கேள்வி போடுங்கள்: இந்த வரி நாஸைத் தொடுகிறதா? தொடும் வரிகளுக்குப் பென்சிலில் ஒரு கோடு. கோட்டுக்கு மூன்று பயணம் என்று வைத்து, அதை ஃபைல்களின் எண்ணிக்கையோடும் பிங் எண்ணோடும் பெருக்கினால், ஏன் ஊர்கிறது என்பதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஓஎஸ் வாக். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புகுந்து எல்லா ஃபைல்களையும் கொண்டுவரும் கட்டளை அது. பைத்தான் 3.5 முதல், அதாவது 2015 முதல், அது உள்ளுக்குள் வேகமான ஸ்கேன்டிர் முறையைத்தான் பயன்படுத்துகிறது. விண்டோஸில் எட்டு ஒன்பது மடங்கு வேகம் கூடியதாக அந்த மாற்றத்தை முன்மொழிந்த ஆவணமே சொல்கிறது. சரி, அப்படியானால் நமக்கு என்ன குறை? ஓஎஸ் வாக் கடைசியில் நம் கையில் கொடுப்பது வெறும் பெயர்கள். கூடவே வந்த அளவு விவரத்தை அது வழியிலேயே போட்டுவிடுகிறது. நாம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு கெட்சைஸ் என்று மறுபடி நாஸுக்கு ஓடுகிறோம். பாத்லிப் மாட்யூலின் ஆர்குளோப் கட்டளையில் பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட் (ஃபைலின் விவரம் தரும் கட்டளை) கேட்பதும் இதே கதைதான். எழுத்து நாகரிகமாக இருக்கும், பயணம் குறையாது.

பட்டியலிலேயே அளவு இருக்கிறது

மொத்த விஷயமும் இந்த ஒரு இடத்தில்தான். ஒரு ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று எஸ்எம்பியில் கேட்டால், பெயர்கள் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு பெயரோடும் அதன் அளவு, உருவான நேரம், மாறிய நேரம், ஃபைலா ஃபோல்டரா என்ற குறி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஒரே பதிலில் நூற்றுக்கணக்கான ஃபைல்களின் விவரம் அடங்கும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் அளவுப் பத்தி உடனே நிரம்புகிறதே, அது இப்படித்தான்.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் பாபநாசம் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை என்பது தெரிந்தது. "அப்போ கொள்முதல் நிலையத்துல ஒவ்வொரு சிப்பத்துக்கிட்டயும் போய் உன் எடை என்னன்னு கேட்டுக்கிட்டு நிக்கறோம். எடை போட்ட சிட்டை மேஜையிலேயே இருக்கு" என்றான். இதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க முடியாது.

பைத்தானில் அந்தச் சிட்டையின் பெயர் ஸ்கேன்டிர். ஓஎஸ் மாட்யூலிலேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். ஒரு ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவைத் தரும். அந்தப் பதிவிடம் இஸ்ஃபைல் கேட்கலாம், ஸ்டாட் கேட்டு அதிலிருந்து அளவை எடுக்கலாம். விண்டோஸில் இந்த இரண்டு கேள்விக்கும் நாஸுக்குப் போக வேண்டியதில்லை. பதில் பட்டியலோடு வந்து பதிவிலேயே உட்கார்ந்திருக்கும். சிம்பாலிக் லிங்க் எனப்படும் குறுக்குவழி ஃபைல்களுக்கு மட்டும் ஒரு பயணம் கூடும்.

ஸ்கிரிப்டின் எலும்புக்கூடு இதுதான், தமிழிலேயே எழுதுகிறேன்:

போக வேண்டிய ஃபோல்டர்களுக்கு ஒரு பட்டியல் வை, அதில் தொடக்க ஃபோல்டரைப் போடு.
விடைக்கு ஒரு காலி அகராதி (சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தருவது) வை.
பட்டியல் தீரும் வரை அதிலிருந்து ஒரு ஃபோல்டரை எடுத்து ஸ்கேன்டிர் செய்.
வரும் பதிவு ஃபோல்டர் என்றால் அதன் பாதையைப் பட்டியலில் சேர்.
ஃபைல் என்றால் அதன் பாதையைச் சாவியாகவும் ஸ்டாட் தரும் அளவை மதிப்பாகவும் வைத்து அகராதியில் எழுது.

நாஸுக்கு ஓர் அகராதி, லேப்டாப்புக்கு ஓர் அகராதி. இரண்டையும் எடுத்தபின் ஒப்பிடுவது முழுக்க நினைவகத்திலேயே நடக்கும், நெட்வொர்க் பக்கம் தலைவைக்கத் தேவையில்லை. 40,000 ஃபைல்கள் 200 ஃபோல்டர்களில் இருந்தால், ஃபோல்டருக்கு நான்கு பயணம் என்று வைத்தாலும் மொத்தம் 800. அந்த 40 மில்லி விநாடி விபிஎன்னில் 32 விநாடி. ஒரு மணி இருபது நிமிடம் எங்கே, இது எங்கே!

அகராதியின் சாவி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. வெறும் ஃபைல் பெயரைச் சாவியாக வைக்காதீர்கள். பல கேமராக்கள் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001-க்கு வரும், இரண்டு கேமராவில் ஒரே எண்ணும் வரும். மாப்பிள்ளை அழைப்பும் முகூர்த்தமும் ஒரே பெயரில் மோதிக்கொள்ளும். தொடக்க ஃபோல்டருக்குக் கீழே உள்ள முழுப் பாதையையும், எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி, சாவியாக வையுங்கள்.

இரண்டாவது நம் மொழிக்கே உரிய தலைவலி. 'கும்பகோணம்' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால், நடுவில் உள்ள 'கோ'வின் ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மேக்கிலிருந்து வந்த ஃபைல்களில் பிரிந்த வடிவத்தை நான் பார்த்திருக்கிறேன். 'கொ', 'கோ', 'கௌ' வரிசைகளில் வரும் பெயர்கள் மட்டும் 'காணவில்லை' என்று அறிக்கையில் வந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற கட்டளையில் என்எஃப்சி வடிவம் கேட்டு இரண்டு பக்கச் சாவிகளையும் ஒரே அச்சில் வார்த்துவிடுங்கள். ஆனால் ஃபைலைத் திறக்க வேண்டியிருந்தால் பழைய பெயரையே பயன்படுத்துங்கள், வார்த்த பெயரில் அது கிடைக்காமல் போகலாம்.

மற்ற கருவிகளில்

பவர்ஷெல்லில் கெட் சைல்ட்ஐட்டம் கட்டளையே பட்டியலையும் அளவையும் சேர்த்துத் தருகிறது. ரிக்கர்ஸ், ஃபைல் என்ற இரண்டு சுவிட்சுகளைக் கொடுத்து, வரும் ஒவ்வொன்றின் லெங்த் பண்பைப் படித்தால் போதும். கெடுப்பது எது என்றால், நேம் சுவிட்சைக் கொடுத்து வெறும் பெயர்களை எடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் கெட் ஐட்டம் போடுவது. அது என் பழைய ஸ்கிரிப்டின் பவர்ஷெல் தம்பி.

ஆட்டோஹாட்கீயில் ஃபைல் கெட்சைஸ் கட்டளையைச் சுற்றுக்குள் வைக்காதீர்கள். லூப் ஃபைல்ஸ் சுற்றுக்குள் இருக்கும்போது ஏ லூப்ஃபைல்சைஸ் என்ற உள்ளமைந்த மாறியில் அளவு தயாராக இருக்கும்.

எக்செல் மேக்ரோவில் கொஞ்சம் கஷ்டம். டிர் கட்டளை பெயரை மட்டும் தரும், ஃபைல்லென் ஒவ்வொரு ஃபைலுக்கும் போய்க் கேட்கும். நான் செய்வது சுற்றுவழி: ரோபோகாபியை வைத்து ஒரு உரைப் பட்டியல் எடுத்து, அதை எக்செல்லில் படிப்பது. ரோபோகாபி விண்டோஸோடு வரும் காப்பி கருவி. அதன் எல் சுவிட்ச், எதையும் காப்பி செய்யாமல் பட்டியல் மட்டும் காட்டும். பைட்ஸ் சுவிட்ச் அளவை முழு பைட்டில் தரும், எஃப்பி முழுப் பாதை தரும், எஸ் உள் ஃபோல்டர்களுக்கும் போகும். சேருமிடமாக இல்லாத ஒரு ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் லாக் சுவிட்சுக்குப் பதில் யூனிலாக் கொடுங்கள், இல்லாவிட்டால் பட்டியல் முழுக்கக் கேள்விக்குறியாக வந்து நிற்கும். எல் சுவிட்சை மறந்தால் நிஜமாகவே காப்பி செய்யத் தொடங்கிவிடும். மிர் சுவிட்ச் பக்கம் போகவே வேண்டாம், சேருமிடத்தில் கூடுதலாக இருப்பதையெல்லாம் அது அழித்துவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திருத்தம். அங்கே ஸ்கேன்டிர் ஃபைலா ஃபோல்டரா என்று சொல்லும், அளவுக்கு ஸ்டாட் தனியாகப் போகும். எஸ்எம்பி பகிர்வை மவுன்ட் செய்திருந்தால் பட்டியலோடு வந்த விவரம் பொதுவாக ஒரு விநாடி நினைவில் இருக்கும். பட்டியல் எடுத்த கையோடு அளவையும் கேட்டுவிட்டால் பெரும்பாலும் பயணம் மிச்சம். முதலில் எல்லாப் பெயரையும் சேர்த்துவிட்டு, பிறகு நிதானமாக அளவு கேட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. நாஸில் எஸ்எஸ்எச் வசதி (தொலைவிலிருந்து நாஸுக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) இருந்து, அனுமதியும் இருந்தால், வேலையை நாஸுக்குள்ளேயே செய்துவிடுங்கள். ஃபைண்ட் கட்டளையின் பிரின்ட்எஃப் வசதியால் அளவும் பாதையும் கொண்ட ஒரே உரைப் பட்டியலை அங்கேயே தயாரித்து, அந்த ஒரு ஃபைலை மட்டும் இங்கே கொண்டுவரலாம். சின்னப் பெட்டிகள் சிலவற்றில் உள்ள சுருக்கமான ஃபைண்டில் பிரின்ட்எஃப் இருக்காது, முதலில் சோதித்துப் பாருங்கள். விபிஎன் வழியாக ஓட்டுபவர்களுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு.

பாதைகளின் பட்டியல் மட்டும் கையில் இருந்தால்

சில சமயம் யாரோ ஒருவர் எக்செல்லில் ஐயாயிரம் ஃபைல் பாதைகளைக் கொடுத்து, "இதற்கெல்லாம் அளவு போட்டுத் தா" என்பார். அப்போதும் ஒவ்வொன்றாக ஓடாதீர்கள். பாதைகளைத் தாய் ஃபோல்டர் வாரியாகப் பிரித்து, ஃபோல்டருக்கு ஒரு ஸ்கேன்டிர் போட்டு, வேண்டியதை அகராதியிலிருந்து எடுங்கள். ஒரு ஃபோல்டரில் லட்சம் ஃபைல் இருந்து உங்களுக்கு இரண்டே இரண்டு வேண்டும் என்றால் மட்டும் நேராகக் கேட்பது லாபம்.

எல்லாம் சிதறிக் கிடந்தால் இழைகளைப் பயன்படுத்தலாம். பைத்தானில் த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டர் என்று இருக்கிறது. எட்டு இழைகள் வைத்தால் ஒன்று காத்திருக்கும் நேரத்தில் மற்றவை கேள்வி அனுப்பும், காத்திருப்பு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். எட்டு நன்றாக இருக்கிறதே என்று எண்பதுக்குப் போகாதீர்கள். இரண்டு டிஸ்க் போட்ட சின்ன நாஸ் திணறும், அதே நேரத்தில் ஆல்பம் வடிவமைக்கும் பெண் கீழே இருந்து "சிஸ்டம் நிக்குது" என்று குரல் கொடுப்பார். பயணத்தைக் குறைத்த பிறகுதான் இழை. முதல் மருந்தாக இதை எடுத்தால் நோய் உள்ளேயே இருக்கும்.

பட்டியல் சொல்லும் அளவை எப்போது நம்பக் கூடாது

வேகமான வழிக்கு ஒரு விலை உண்டு. ஒரு ஃபைலில் யாரோ இன்னும் எழுதிக்கொண்டிருந்தால், ஃபோல்டர் பட்டியலில் தெரியும் அளவு பழையதாக இருக்கலாம். விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் எழுதுபவர் ஃபைலை மூடும் வரை பட்டியலில் உள்ள அளவு புதுப்பிக்கப்படும் என்ற உத்தரவாதம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் லாக் ஃபைல், பதிவாகிக்கொண்டிருக்கும் சிசிடிவி வீடியோ போன்றவை பட்டியலில் பூஜ்யம் என்று காட்டி, நேராகக் கேட்டால் பெரிய எண்ணைக் காட்டும். சந்தேகமுள்ள அந்த நான்கைந்து ஃபைல்களுக்கு மட்டும் கெட்சைஸ் போடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் மாறிய ஃபைல்களைத் தனியே ஒதுக்கி, பிறகு நேராகக் கேட்பது என் வழக்கம்.

இதற்கு நேர் எதிரான ஆபத்து காப்பி வேலையில் இருக்கிறது. சில காப்பி முறைகள் முதலிலேயே முழு இடத்தையும் ஒதுக்கிவிட்டு உள்ளடக்கத்தை மெல்ல நிரப்பும். பாதியில் கரண்ட் போனால் அளவு சரியாக இருக்கும், உள்ளே படம் இருக்காது. அதனால் கார்டை அழிப்பதற்கு முன் அளவை மட்டும் நம்புவதை நான் நிறுத்திவிட்டேன். அளவு ஒப்பீடு முதல் சல்லடை. அதில் தேறிய பிறகு ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) பார்க்க வேண்டும். அதற்கு ஃபைலை முழுக்கப் படித்தாக வேண்டும், அங்கேதான் கன அடிக் கணக்கு திரும்ப வருகிறது. வைஃபையை விட்டுக் கேபிளில் இணைத்து, ராத்திரி ஓடவிட்டுவிட்டுப் போவோம்.

பட்டியலே மெதுவாக வந்தால்

இதற்குக் காரணங்கள் பல, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாஸின் டிஸ்க் தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்து சுழல ஐந்து பத்து விநாடி ஆகும். முதல் ஃபோல்டர் மட்டும் தாமதமாகி மற்றவை ஓடினால் அதுதான், கவலை வேண்டாம். ஒரே ஃபோல்டரில் லட்சக்கணக்கில் ஃபைல் கொட்டிக் கிடந்தால் தேதிவாரியாகப் பிரியுங்கள். நாஸ் பெட்டிகள் தாமே உருவாக்கிக்கொள்ளும் சிறுபட ஃபோல்டர்களும் குப்பைத்தொட்டி ஃபோல்டரும் இருந்தால் அவற்றைப் பெயர் பார்த்துத் தாண்டச் சொல்லுங்கள். நமக்கு வேண்டாத ஆயிரக்கணக்கான பயணங்கள் அங்கே ஒளிந்திருக்கும்.

பிங்கை நூறு தடவை ஓடவிட்டு, பதில் வராமல் போனவை எத்தனை என்று பாருங்கள். ஒன்றிரண்டு தொலைந்தாலும் ஸ்கிரிப்ட் அங்கங்கே நின்று நின்று போகும். அந்த ஸ்டூடியோவில் நூற்றுக்கு ஆறு தொலைந்தது. மாடிப்படிக்குக் கீழே கேபிளை எலி கடித்திருந்தது. அறுவடை முடிந்தால் வயல் எலிக்குத் தெருவில்தானே வேலை! கேபிளை மாற்றி பிவிசி குழாய்க்குள் விட்டோம்.

ஆன்டிவைரஸ்மேல் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டு நேரம் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் விலக்கை எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் முழுக்க ஆன்டிவைரஸை அணைத்துச் சோதிக்க வேண்டாம். கல்யாண வீட்டுப் பென்டிரைவ்கள் எதையெல்லாம் கொண்டுவரும் என்று உங்களுக்கே தெரியும்.

டாஸ்க் ஷெட்யூலரில் போடும்போது

பகலில் கையால் ஓட்டி எல்லாம் சரியான பிறகு, ராத்திரி தானே ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போடுவீர்கள். காலையில் பார்த்தால் "இசட் டிரைவ் இல்லை" என்று பிழை இருக்கும். நீங்கள் லாகின் செய்தபோது இணைத்த டிரைவ் எழுத்து, வேறு கணக்கில் ஓடும் டாஸ்க்குக்குத் தெரியாது. அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் திரைக்கும் பல சமயம் தெரியாது. ஆகவே ஸ்கிரிப்டில் டிரைவ் எழுத்தை எழுதாமல், இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள். டாஸ்க் ஓடும் கணக்குக்கு அந்தப் பகிர்வைப் படிக்க அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்கேன்டிர் வரியைப் பிழை பிடிக்கும் ட்ரை பகுதிக்குள் வைத்து, திறக்க முடியாத ஃபோல்டரின் பெயரை ஓர் உரை ஃபைலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். பேசாமல் தாண்ட விட்டால் அந்த ஃபோல்டரின் படங்கள் எல்லாம் அறிக்கையில் 'காணவில்லை' என்று வந்து, ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது உங்களை எழுப்புவார்கள். விண்டோஸின் பழைய 260 எழுத்துப் பாதை வரம்பும் அந்தப் பட்டியலில் தலைகாட்டும். மணமக்கள் பெயர், மண்டபம், தேதி, சடங்கு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீட்டிப் பெயர் வைப்பவர்களிடம் கொஞ்சம் சுருக்கச் சொல்ல வேண்டியதுதான். லினக்ஸில் ஓடும் நாஸ் என்றால் ஒரு பெயருக்குப் பொதுவாக 255 பைட்டுதான் இடம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், அதன் மேல் வரும் ஒவ்வொரு குறிக்கும் மும்மூன்று பைட்டு போய்விடும்.

மயிலாடுதுறைத் தம்பி இப்போது எஸ்எஸ்எச் வழியில் பட்டியல் எடுக்கிறான். போன வாரம் பேசும்போது, பட்டியல் வந்து சேர்வதற்குள் டீ ஆறக்கூட நேரமில்லை என்றான். கார்டை அழிப்பதற்கு முன் ஹாஷ் ஓட்டினாயா என்று கேட்டேன். "ராத்திரி ஓட விட்டிருக்கேன்ணே, காலைல பார்த்துட்டுத்தான் அழிப்பேன்" என்றான்.